பழைய மின்காருக்குப் புதிய மின்கலவடுக்கு: மன்னார்க் கரையை முன்னிட்டு ஒரு விளக்கம்

மன்னார் நகருக்கும் வவுனியாவுக்கும் இடையே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரம் உண்டு. முருங்கனையும் பறையனாலங்குளத்தையும் கடந்து செல்லும் அவ்வழி பெற்றோல் வண்டி உடையார்க்கு ஒரு பொருட்டன்று. பத்தாண்டுகளுக்கு முன் யப்பானிலிருந்து பழையதாய் வந்திறங்கிய மின்காரொன்றை வைத்திருப்பார்க்கோ அஃது ஓர் எல்லைக்கோடு. போய்ச் சேரலாம், அன்றே மீளுதல் ஐயம். பூநகரியும் சங்குப்பிட்டிப் பாலமும் வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-32 வீதி நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. அங்கே போய்ச் சேருதலே ஐயம். நோயாளர் ஒருவரை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்குப் புறப்படுவார்க்கும், சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் வர விழையும் யாழ்ப்பாணத்து அன்பர்க்கும் இவ்வையம் வெறும் ஏட்டுக்கணக்கு அன்று.

இவ்வண்டிகள் இங்கு வந்த வரலாறு சுருக்கமானது. 2010ஆம் ஆண்டு டிசெம்பரில் யப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் என்னும் மின்கார், இறக்குமதி வரி குறைந்திருந்த 2015ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இலங்கைக்கு ஆயிரக்கணக்கில் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் வரி உயர்த்தப்பட்டது; வரத்து அருகியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கான தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கியது. இடையில் 2022ஆம் ஆண்டில், பெற்றோலுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது மின்கார் உடையார் பொறாமைக்கு ஆளாயினர். அதே ஆண்டில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டமையால் அப்பொறாமை நெடுநாள் நிலைக்கவில்லை. எவ்வாறாயினும், புதிய வண்டி வாங்குதல் இயலாத அவ்வாண்டுகளில் பழைய லீஃப் வண்டிகளே மேலும் மேலும் பழையனவாகி ஓடின. இன்று அவற்றை உடையார் பலர் கேட்கும் கேள்வி ஒன்றே: பற்றறியை மாற்றினால் முன்னினும் விரைவாக மின்னேறுமா?

இக்கேள்விக்கு ஆம் என்றும் சொல்லலாம். அன்று என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையாதல் எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டுக்கரைக் குளத்து நீர் ஒரு வயலை அடைய வேண்டுமாயின் துருசு, வாய்க்கால், வயலின் வக்கடை ஆகிய மூன்றையும் கடத்தல் வேண்டும். இம்மூன்றில் எது ஒடுக்கமோ அதுவே வயல் நிரம்பும் வேகத்தைத் தீர்மானிக்கும். வக்கடையை வெட்டி அகலமாக்கியவன், வாய்க்கால் ஒடுங்கியிருப்பின், வீணே உழைத்தவனாவான். மின்னேற்றமும் இத்தகையதே. வண்டிக்கு வெளியேயுள்ள மின்வழங்கல் துருசு, வண்டியினுள் அமைந்த மின்னேற்றியும் இணைவாயும் வாய்க்கால், மின்கலம் வக்கடை. மின்கலவடுக்கை மாற்றுவார் மூன்றாவதை மட்டுமே மாற்றுகின்றார்.

முதலில் வீட்டு மின்னேற்றத்தை நோக்குவோம். வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். மின்கலத்துக்கு வேண்டுவது நேரோட்டம். ஒன்றை மற்றொன்றாக்கும் கருவி வண்டியினுள்ளேயே உண்டு. யப்பானிலிருந்து வந்த பழைய லீஃப் வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் அதன் வலு ஏறத்தாழ 3 கிலோவாற்று. இக்கருவி இருக்கும்வரை, வண்டியின் வயிற்றில் 24 கிலோவாற்று மணி அளவுடைய பழைய அடுக்கு இருந்தாலும் 40 கிலோவாற்று மணி அளவுடைய புதிய அடுக்கு இருந்தாலும், மணியொன்றுக்கு ஏறும் மின் ஒன்றே. ஒரு கிலோவாற்று மணியால் ஆறேழு கிலோமீற்றர் ஓடலாமெனின், ஒரு மணி நேர மின்னேற்றத்தால் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் ஓட்டமே கிடைக்கும். சிறிய அடுக்கு 8 மணியில் நிரம்பும். பெரிய அடுக்கு நிரம்ப 13 மணிக்கு மேற்செல்லும். ஆகவே பணம் செலவிட்டுப் பற்றறியைப் பெரிதாக்கியவர் வீட்டிலே காண்பது விரைவன்று, தாமதம். இதனை முன்னரே சொல்லாது விற்பனை செய்வார் உளர். ஆதலின் சற்று விரித்துரைத்தோம். வீட்டில் விரைவு வேண்டுவார் மாற்ற வேண்டியது உள்மின்னேற்றியை, 6.6 கிலோவாற்று வலுவுடைய கருவி லீஃப் வண்டிகளிலேயே சிலவற்றிற்கு வந்துள்ளது. அதற்கேற்ற தடித்த கம்பியும் தனி மின்சுற்றும் வீட்டில் இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

விரைவு மின்னேற்று நிலையத்தில் நிலைமை வேறு. அங்கே ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பணியை நிலையத்திலுள்ள பெரிய கருவியே செய்துவிடும். வண்டியின் உள்மின்னேற்றி விலகி நிற்க, நேரோட்டம் நேரே அடுக்கினுட் புகும். லீஃப் வண்டியின் முகப்பிலுள்ள பெரிய வட்ட இணைவாய் சாடெமோ எனப்படும். தேநீர் அருந்தலாமா என்னும் பொருள்பட வரும் யப்பானியத் தொடரை நினைவூட்ட அப்பெயர் இடப்பட்டதாம். தேநீர் அருந்தி முடியுமுன் மின்னேறிவிடும் என்பது கருத்து. எச்சரிக்கை விளக்கு எரியும் நிலையிலிருந்து நூற்றுக்கு 80 பங்கு வரை நிரம்ப அரைமணி போதுமென உற்பத்தியாளர் கூறினர். புதிய வண்டியில், குளிர்ந்த நாட்டில், அது மெய். பத்தாண்டு ஓடிய வண்டியில், சித்திரை மாத வெயிலில், அரைமணியில் அதன் பாதியளவும் ஏறாதிருத்தல் உண்டு. துருசும் வாய்க்காலும் அகன்றிருக்க, ஈண்டு ஒடுங்கி நிற்பது மின்கலம். அதன் உள்ளியல்பை அறிந்தாலன்றி இதற்குக் காரணம் விளங்காது.

முதல் லீஃப் வண்டியின் மின்கலவடுக்கில் 192 மின்கலங்கள் உள்ளன. நான்கு கலங்களைத் தகரப்பேழையொன்றில் அடைத்து ஒரு தொகுதியாக்கி, அத்தகைய 48 தொகுதிகளை இருக்கைகளின் கீழே பொருத்தியுள்ளனர். கலங்கள் இரண்டிரண்டாகச் சமாந்தரமாய் இணைக்கப்பெற்று, அவ்விணைகள் 96 தொடராக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 3.75 வோல்ற்று எனக் கொண்டால் முழு அடுக்கின் அழுத்தம் 360 வோல்ற்று. நிறை ஏறத்தாழ 300 கிலோகிராம். இவற்றைக் குளிர்விக்க நீரோட்டமும் இல்லை; விசிறியும் இல்லை. மூடிய பெட்டியின் உலோக ஓட்டின் வழியாக வெப்பம் தானாகவே வெளியேற வேண்டும். செலவையும் நிறையையும் குறைக்க எடுத்த முடிவு அது. யப்பானின் மாரியை மனத்திற் கொண்டு எடுத்த முடிவு போலும்.

கலத்தினுள்ளே நிகழ்வது என்ன? உழவியந்திரத்திலும் லொறியிலும் நாம் காணும் ஈயப் பற்றறியில் தட்டுகளே உருமாறும். 1991ஆம் ஆண்டு சோனி நிறுவனம் முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்த இலித்தியம் அயன் மின்கலத்தில் தட்டுகள் இடங்கொடுத்து நிற்க, இலித்தியம் அயன்கள் ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு இடம்பெயர்வன. இக்கலத்துக்கு அடிகோலிய யோன் குடினஃப், இசுற்றான்லி விற்றிங்காம், அக்கிரா யோசினோ ஆகிய மூவர்க்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மின்னேறும்போது அயன்கள் திரவத்தினூடே நீந்தி வந்து, காரீயத்தால் ஆன தட்டின் மென்படைகளுக்கிடையே புகுந்து அமர்கின்றன. மின் செலவாகும்போது வந்த வழியே மீள்கின்றன.

திருக்கேதீச்சரத்திற் சிவராத்திரியன்று பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் ஏந்தி வரும் அடியார் கூட்டத்தை நினைந்து கொள்க. காலையில் மண்டபம் வெறிதாயிருக்கையில் வருவோர் தடையின்றி உட்புகுவர். மண்டபம் நிறைய நிறைய, உள்ளிருப்போர் நகர்ந்து இடம்விட்டாலன்றிப் பின்வருவோர் புகுதல் இயலாது. வெளியிலிருந்து நெருக்கினால் உள்ளே இடம் பெருகிவிடாது. வாயிற்படியிலே ஆள்மேல் ஆள் விழுதலே மிச்சம். மின்கலத்திலும் அஃதே நிகழும். புகும் வேகத்தை மிஞ்சி ஓட்டத்தைச் செலுத்தினால், படைகளினுட் புக இயலாத இலித்தியம் தட்டின் மேற்புறத்திலேயே உலோகமாகப் படியும். அவ்வாறு படிந்தது பெரும்பாலும் மீள்வதில்லை. கொள்ளளவு குன்றும், படிவு ஊசிபோல் வளர்ந்து மறுதட்டைத் தொட்டால் தீயும் உண்டாகலாம். இதனாலேதான் வண்டியின் காவற்கருவி, அடுக்கு நிரம்ப நிரம்ப ஓட்டத்தைத் தானே தணிக்கின்றது. விரைவு மின்னேற்றத்தின் இறுதிப்பகுதி மந்தமாவது கருவியின் குற்றமன்று.

பழுத்த கலம் ஏன் மேலும் மந்தமாகின்றது? காரீயத் தட்டின்மேல் முதல் மின்னேற்றத்திலேயே ஒரு மென்றோல் உண்டாகும். அது கலத்தைக் காக்கும் தோலே. ஆயினும் ஆண்டுதோறும் தடிப்பேறும். வெப்பம் மிகின் விரைவாகத் தடிக்கும். தோல் தடிக்கத் தடிக்க அயன்கள் கடந்து செல்லுதல் அரிதாகும். அதாவது கலத்தின் உட்டடை உயரும். கொள்ளளவு குன்றுவதை யாவரும் பேசுவர். உட்டடை உயர்வதைப் பேசுவார் சிலரே. விரைவு மின்னேற்றத்தைக் கெடுப்பது பெரிதும் இரண்டாவதே.

இதனை ஓர் எளிய கணக்காற் காட்டலாம். எண்கள் விளக்கத்தின் பொருட்டு முழுமையாக்கப்பெற்றவை. புதிய அடுக்கின் உட்டடை 0.1 ஓம் என்றும், பழையதன் தடை அதன் இருமடங்காகிய 0.2 ஓம் என்றும் கொள்வோம். மின்னேற்றும் ஓட்டம் 120 அம்பியர். ஓட்டத்தைத் தடையாற் பெருக்கினால் வருவது, மின்னேற்றும்போது அடுக்கின் முனைகளில் மிகையாகத் தோன்றும் அழுத்தம்: புதியதில் 12 வோல்ற்று, பழையதில் 24 வோல்ற்று. காவற்கருவி ஏறத்தாழ 395 வோல்ற்றுக்கு மேல் எழவிடாது. ஆகவே புதிய அடுக்கு தன் உண்மையழுத்தம் 383 வோல்ற்றாகும் வரை முழு ஓட்டத்தையும் ஏற்கும். பழைய அடுக்கோ 371 வோல்ற்றிலேயே கதவைச் சாத்தத் தொடங்கும். தொடரிலுள்ள 96 கலங்களுக்கும் பகிர்ந்தால், முன்னையது கலமொன்றுக்கு ஏறத்தாழ 4 வோல்ற்று, பின்னையது 3.86 வோல்ற்று. வேறுபாடு அற்பமெனத் தோன்றும். ஆயின் இவ்வகைக் கலத்தில் 4 வோல்ற்று என்பது முக்காலுக்கு மேல் நிரம்பிய நிலை, 3.86 வோல்ற்று ஏறத்தாழப் பாதி நிரம்பிய நிலை. பழைய வண்டி பாதியிலேயே மந்தமாவதன் காரணம் இதுவே.

இனி வெப்பத்தை நோக்குவோம். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் ஒரு செக்கனில் உண்டாகும் வெப்பம் வரும். புதியதில் 1440 வாற்று. பழையதில் 2880 வாற்று. பின்னையது மின்கேத்தல் ஒன்றை இருக்கையின் கீழே மூட்டி வைத்தமைக்கு ஒப்பாகும். 300 கிலோகிராம் நிறையுள்ள அடுக்கு கால்மணியில் முன்னையதால் ஏறத்தாழ 4 பாகையும், பின்னையதால் ஏறத்தாழ 9 பாகையும் சூடேறும். வவுனியாவிலிருந்து வெயிலில் ஓடிவந்த வண்டியின் அடுக்கு முன்னரே 38, 40 பாகையில் நிற்குமாயின், மிச்சத்தை வாசகர் தாமே கூட்டிக் கொள்ளலாம். காவற்கருவியும் அக்கூட்டலைச் செய்கின்றது. செய்து ஓட்டத்தை மேலும் குறைக்கின்றது. மன்னாரில் இரவிலும் அடுக்கு நன்கு குளிர்வதில்லை. சுற்றியுள்ள காற்றே 27, 28 பாகையில் நிற்க, அதனினும் தாழ அடுக்கு எங்ஙனம் இறங்கும்?

வெப்பநாட்டில் இவ்வண்டியின் இக்குறை முதன்முதல் வெளிப்பட்டது நம்மிடத்தன்று. அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில். 2012ஆம் ஆண்டில் பீனிக்ஸ் நகரத்து உடைமையாளர் பலர், வாங்கிய இரண்டாண்டினுள்ளேயே கொள்ளளவு வெகுவாகக் குறைந்ததென முறையிட்டனர். வழக்கும் தொடர்ந்தது. அதன்பின், ஐந்தாண்டு அல்லது 60,000 மைலுக்குள் பலகையிலுள்ள 12 கோடுகளில் 9 எஞ்சாதொழியின் அடுக்கைச் செப்பஞ்செய்து தருவதாக நிசான் அங்கே உறுதி அளித்தது. வெப்பத்தைத் தாங்கும் திருந்திய கலமும் 2015ஆம் ஆண்டு வண்டிகளில் வந்தது. இலங்கைக்குப் பழையதாக வந்த வண்டிகளை அவ்வுறுதி தொடரவில்லை. யப்பானிய எழுத்துகளோடு கூடிய பலகையில் கோடுகள் ஒவ்வொன்றாய் அணைவதை எண்ணியிருத்தல் ஒன்றே நம்மவர்க்கு வாய்த்தது.

அடுக்கைச் செப்பஞ்செய்யும் வழிகள் இரண்டு. ஒன்று, நலிந்த தொகுதிகளை மட்டும் எடுத்து, பிற வண்டியிலிருந்து கழற்றிய நல்லவற்றை வைத்தல். தொடரில் நிற்கும் 96 இணைகளில் மிக நலிந்தது எதுவோ அதுவே முதலில் உச்சவழுத்தத்தைத் தொட்டு மின்னேற்றத்தை நிறுத்தும். முதலில் வெறுமையாகி ஓட்டத்தையும் நிறுத்தும். தொண்ணூற்றைந்து நன்றாயிருந்தும் ஒன்றால் வண்டி முடங்கும். இத்தகைய வண்டிக்கு ஓரிரு தொகுதிகளை மாற்றுதலே போதும், செலவும் சிறிது. கலப்பின வண்டிகளின் பற்றறியைப் பிரித்துக் கோத்துப் பழகிய கராச்சுகள் நாட்டிற் பல உண்டு. ஆயினும் எல்லாக் கலங்களும் ஒருங்கே முதிர்ந்த அடுக்கில் இவ்வழி பயன்தராது. இன்று ஒன்றை மாற்றினால் அடுத்த மாதம் அடுத்தது கைவிடும். பழைய வேட்டிக்குப் புதுத்துணியில் ஒட்டுப்போடுதல் போல.

மற்றையது, அடுக்கு முழுவதையும் மாற்றுதல். 2015ஆம் ஆண்டின் இறுதியில் 30 கிலோவாற்று மணி அடுக்கும், 2017ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வந்த இரண்டாந் தலைமுறை வண்டியில் 40 கிலோவாற்று மணி அடுக்கும், 2019இல் 62 கிலோவாற்று மணி அடுக்கும் வெளிவந்தன. நற்பேறாக, முதல் மூன்றும் புறவளவில் ஏறத்தாழ ஒன்றே. கலங்களின் எண்ணிக்கையும் 192 ஆகவே நின்றது. ஒவ்வொரு கலத்தின் கொள்ளளவே பெருகியது. ஆதலின் விபத்துக்குள்ளான புதிய வண்டியிலிருந்து கழற்றிய 40 கிலோவாற்று மணி அடுக்கைப் பழைய வண்டியின் கீழே தூக்கிப் பொருத்தலாம். தொடரமைப்பு மாறாமையால் அழுத்தமும் மாறாது; மோட்டருக்கும் இடர் இல்லை. 62 கிலோவாற்று மணி அடுக்கு தடிப்பிலும் நிறையிலும் மிகுந்தது. இடைக்கட்டை வைத்துப் பொருத்தினால் வண்டியின் அடிவயிறு தாழும். தலைமன்னாரின் மணல்வழிகளுக்கும் மாரிகாலத்து ஒழுங்கைகளுக்கும் அஃது ஏற்றதன்று என்பது எம் கருத்து.

பொருத்திய அளவில் வண்டி ஓடிவிடாது. அடுக்கினுள்ளே அதனைக் கண்காணிக்கும் சிறு கணினி ஒன்று உண்டு. அது வண்டியின் தலைமைக் கணினியோடு இடையறாது செய்தி பரிமாறும். புதிய அடுக்கு பேசும் மொழி பழைய வண்டிக்கு விளங்காது. நடுவே மொழிபெயர்ப்பான் போல ஒரு சிறு மின்பலகையை இணைத்து, இது 24 அன்று 40 என்று வண்டிக்கு உணர்த்துதல் வேண்டும். இப்பலகையின் தரமே மாற்றத்தின் உயிர்நாடி. மொழிபெயர்ப்புப் பிழைத்தால், மின் இருக்கவும் இல்லையென வண்டி நிற்கும். அன்றி, ஓட்டத்தைக் குறைக்குமாறு அடுக்கு இரந்தும் அச்செய்தி நிலையத்துக்கு எட்டாதொழியும். பின்னையது பேரிடர். மாற்றஞ்செய்வாரிடம் முதலிற் கேட்க வேண்டியது விலையையன்று; இதே ஆண்டு வண்டியில் விரைவு மின்னேற்றம் வரை சோதித்துப் பார்த்ததுண்டா என்பதையே.

இப்போது முதற்கேள்விக்கு மீள்வோம். 40 கிலோவாற்று மணி அடுக்கைப் பெற்ற பழைய வண்டி, விரைவு நிலையத்தில் ஏற்கும் உச்ச ஓட்டம் பெரிதும் உயராது. 120 அம்பியரை அண்டியே நிற்கும். ஆயின் அவ்வோட்டம் 24 கிலோவாற்று மணி அடுக்குக்கு அதன் கொள்ளளவின் 1.8 மடங்கு வேகம். 40 கிலோவாற்று மணி அடுக்குக்கு ஏறத்தாழ 1.1 மடங்கே. மண்டபம் பெரிதானதால் அதே கூட்டம் நெருக்கமின்றிப் புகுகின்றது. தணியாத ஓட்டம் நெடுநேரம் நீடிக்கும். அரைமணியில் 20 கிலோவாற்று மணியை அண்மித்த அளவு ஏறுதல் கூடும். அஃது ஏறத்தாழ 130 கிலோமீற்றர் ஓட்டம். முதிர்ந்த பழைய அடுக்கு முற்றும் நிரம்பினும் 90, 100 கிலோமீற்றர் ஓடுதலே அரிது என்பதை நினையின் இதன் பெருமை விளங்கும். விரைவு உயர்ந்தது என்பதினும், விரைவு குன்றாது நீடித்தது என்பதே பொருந்தும்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரிய அடுக்கும் குளிரூட்டல் அற்றதே. 40 கிலோவாற்று மணி லீஃப் வண்டியை ஐரோப்பாவில் ஓட்டியோர், ஒரே நாளில் இரண்டாம் முறை விரைவு மின்னேற்றம் செய்தபோது ஓட்டம் பாதிக்குங் கீழே தணிந்ததென 2018ஆம் ஆண்டிற் குறைகூறினர். குளிர்நாட்டிலேயே அந்நிலை எனின் மன்னார்க் கரையில் சொல்ல வேண்டா. மன்னாரிலிருந்து புறப்பட்டு ஒருமுறை மின்னேற்றி அடையத்தக்க இடங்களுக்கே இம்மாற்றம் உகந்தது. கொழும்புக்கு இரண்டு மூன்று முறை நிறுத்தி ஏற்றிச் செல்லலாம் எனக் கணக்கிடுவார் ஏமாறுவர். உற்பத்தியாளரும் இதனை ஒப்புக்கொண்டனர் எனலாம்: 2025ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட மூன்றாந் தலைமுறை லீஃப் வண்டியின் அடுக்கு திரவத்தாற் குளிர்விக்கப்படுவது.

மன்னார்க் கரைக்கே உரிய மற்றொரு கணக்கும் உண்டு, அது காற்று. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகம், யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-32 வீதி வழியாகத் தென்மேற்கு நோக்கி வரும் வண்டியை நெற்றியில் அறையும். வண்டியின் வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர், எதிர்க்காற்று 30 எனின், வண்டி உணரும் காற்று 90. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பற்றி நிற்பதால் அது 2.25 மடங்காகும். மீளும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். ஆகவே போகும்போது செலவான மின்னை வைத்து வரும் வழியைக் கணக்கிடுதல் பிழை. வெள்ளாங்குளத்துக்கும் விடத்தல்தீவுக்கும் இடையே வண்டி நின்றால் உதவி கிடைத்தல் எளிதன்று.

தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு டிசெம்பரிற் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலை நிலையத்தின் 30 சுழலிகள், மொத்தம் 103.5 மெகாவாற்று வலுவுடன், இதே சோளகத்தையே மின்னாக்குகின்றன. அம்மின் நேரே தீவின் வீடுகளுக்கு வருவதில்லை. உயரழுத்தக் கம்பிகளில் அனுராதபுரம் நோக்கிச் செல்கின்றது. ஆயினும், எந்நேரத்தில் மின்னேற்றுவது என்னும் வினாவுக்கு நாட்டின் மின்னிருப்பும் ஒரு விடை பகர்கின்றது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின் மிகுந்து தேவை குறைந்தமையால், கூரைச் சூரியகலங்களை நிறுத்துமாறு மின்சார சபை வேண்டியது. பகலில் ஏற்றுதல் நாட்டுக்கு நன்று. நண்பகலில் ஏற்றுதல் அடுக்குக்குத் தீது. இவ்விரண்டையும் இணக்க, வண்டியை மரநிழலிலோ கொட்டகையிலோ நிறுத்தி, காலையில் 3 கிலோவாற்று வேகத்தில் மெல்ல ஏற்றுதல் தக்கது. மெல்ல ஏற்றும்போது உண்டாகும் வெப்பம் பொருட்படுத்தற்பாலதன்று. ஓடி வந்த சூட்டோடு சூடாக ஏற்றற்க, மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்சத்தேவைக் காலத்தையும் தவிர்க்க. நூற்றுக்கு நூறு நிரப்பி வெயிலில் நாட்கணக்கில் விடுதலே கலத்துக்கு யாவற்றினும் கொடிது. நாளைய வேலைக்கு 80 போதுமெனின் 80இல் நிறுத்துக.

பழைய அடுக்கை வாங்குவார் பலகையின் கோடுகளை மாத்திரம் நம்பல் ஆகாது. கணினியின் நினைவை அழித்தால் அணைந்த கோடுகள் சில நாட்களுக்கு மீண்டும் ஒளிரும். வண்டியின் சோதனைவாயிற் செருகும் சிறு கருவியையும் கைத்தொலைபேசியையும் கொண்டு 96 இணைகளின் அழுத்தத்தையும் தனித்தனியே காணலாம். ஓய்ந்திருக்கையில் யாவும் ஒத்திருத்தல் போதாது. மேட்டிலேறும்போதோ விரைவு மின்னேற்றத்தின்போதோ எது பிறவற்றினின்று விலகுகின்றது என்பதே தேர்வு. உப்புக்காற்றுப் பட்ட அடுக்காயின் பூட்டாணிகளையும் இணைப்புகளின் பசுங்களிம்பையும் பார்த்தல் வேண்டும். மூடியைத் திறந்து மூடியவர் ஒட்டுப்பசையைச் செவ்வனே பூசாதிருப்பின், தாம்போதியில் தெறிக்கும் உவர்நீர் உட்புகும்.

360 வோல்ற்று நேரோட்டம் ஆளைக் கொல்ல வல்லது என்பதை ஈண்டு அழுத்திச் சொல்லுதல் கடன். செம்மஞ்சள் நிறக் கம்பிகள் யாவும் அவ்வழுத்தத்துக்குரியன. நடுத்துண்டிப்பானைக் கழற்றினாலும் அடுக்கினுள்ளே பாதியழுத்தம் உயிரோடு நிற்கும். தகுந்த கையுறையும் பயிற்சியும் அற்றவர் இதனைத் திறத்தல் தகாது. அயலவர் காணொளியொன்றைப் பார்த்துத் திறந்தார் என்பது காரணமாகாது.

ஆகவே யார் மாற்ற வேண்டும்? பேசாலைக்கும் மன்னாருக்கும் இடையே நாளும் சென்று மீளும் ஆசிரியர் ஒருவர்க்கு, 70 கிலோமீற்றர் ஓடும் முதிர்ந்த அடுக்கே போதும். நலிந்த தொகுதி இருப்பின் அதனை மாற்றி அமைதல் அறிவுடைமை. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அடிக்கடி செல்வார்க்கு 40 கிலோவாற்று மணி அடுக்கு செலவுக்குத் தக்க பயன் தரும். விரைவின் பொருட்டன்று, வழியில் விரைவு நிலையத்தையே நாடாது சென்று மீளத்தக்க தூரத்தின் பொருட்டு. இன்னும் விரைவே வேண்டுவார், குளிரூட்டல் உள்ள வேறு வண்டியை நாடுதல் நன்று; சாடெமோ இணைவாயுடைய புதிய வண்டிகள் உலகெங்கும் அருகி வருதலையும் அவர் கருத்திற் கொள்க.

கழற்றிய பழைய அடுக்கைக் குப்பையெனக் கொள்ளற்க. யப்பானில் நிசானும் சுமித்தோமோ நிறுவனமும் 2010ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டு நிறுவனம், புக்குசீமா மாகாணத்து நமியே ஊரிலுள்ள தன் ஆலையிற் பழைய லீஃப் அடுக்குகளைத் தரம்பிரித்து மறுபயனுக்கு அனுப்புகின்றது. ஓடும் வண்டிக்கு ஒவ்வாத கலம் நிலைத்த வேலைக்கு ஒவ்வும். வீட்டில் அதனிடம் 120 அம்பியரை எவரும் கேட்பதில்லை. 24 கிலோவாற்று மணி அடுக்கின் தொகுதியொன்று 7.5 வோல்ற்று, ஏழு தொகுதிகளைத் தொடராக்கினால் 52 வோல்ற்று வரும். 48 வோல்ற்று மின்மாற்றிகளுக்கு அது பொருந்தும். கொள்ளளவு நூற்றுக்கு 60 ஆகக் குன்றியிருப்பினும் அவ்வேழும் 2 கிலோவாற்று மணியைத் தாங்கும். மின்வெட்டு இரவொன்றில் விளக்குகளுக்கும் இரண்டு விசிறிகளுக்கும் விடியும்வரை போதும். காவற்பலகையோடு இணைத்து, வீட்டுக்குப் புறம்பே, காற்றோட்டமுள்ள நிழலில், ஓலைக்கூரைக்கு எட்டத்தில் அதனை வைத்தல் வேண்டும்.